எந்த ஸ்கேலில் ரயில் ஓட்டுவது? மாடல் ரயில் தொடங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாடல் ரயில் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு இன்ஜினைத்தான் வாங்குவார்கள். பார்க்க அழகாக இருந்தது, விலை கட்டுப்படியானது, வாங்கியாயிற்று. அது எந்த ஸ்கேல், அதாவது நிஜ ரயிலை எந்த அளவுக்குச் சுருக்கியது என்பது அட்டைப்பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வாங்குகிற தண்டவாளம், பெட்டிகள், ஸ்டேஷன், மரம், பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதர்கள் எல்லாம் அந்தப் பொடி எழுத்துக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஸ்கேல் என்றதும் நமக்கு ஜியோமெட்ரி பாக்ஸ்தான் ஞாபகம் வரும். நல்லது, அதையே எடுங்கள். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, 15 செ.மீ. ஸ்கேல் ஒன்று. இரண்டையும் மேஜைமேல் அருகருகே வையுங்கள். இன்று நம் எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஓடும் எல்ஹெச்பி பெட்டி 23.54 மீட்டர் நீளம். அது ஹெச்ஓ (HO, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) என்கிற மாடல் ஸ்கேலில் 27 செ.மீ.; பெரிய ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை. அதைவிடச் சின்ன ‘என்’ (N, 160-ல் ஒரு பங்கு) ஸ்கேலில் 14.7 செ.மீ.; கிட்டத்தட்ட அந்தச் சின்ன ஸ்கேலேதான். இப்போது அந்த மாதிரி இருபது பெட்டிகள் வரிசையாக நிற்பதாக நினைத்துப் பாருங்கள். இன்ஜினைச் சேர்க்காமலேயே ஹெச்ஓ-வில் ஐந்தரை மீட்டர், ‘என்’னில் மூன்று மீட்டர். உங்கள் ஹால் எத்தனை மீட்டர்?

முதலில் இரண்டு சொற்கள்

ஸ்கேல் என்பது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்ற கணக்கு. 1:87 என்றால் 87 மீட்டர் ஒரு மீட்டராகிறது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். பிராட் கேஜ், மீட்டர் கேஜ் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் கடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள். முக்கால்வாசித் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

பரவலாகப் புழங்குபவற்றைச் சின்னதிலிருந்து பெரியதாகச் சொல்கிறேன். இசட் 1:220, தண்டவாளம் 6.5 மி.மீ.; 1972-ல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் கொண்டுவந்தது. அடுத்து ‘என்’, 1:160, தண்டவாளம் 9 மி.மீ. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஒன்பது என்ற சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பெயர் அங்கிருந்து வந்தது. (வீட்டில் “என் ஸ்கேல் வந்துவிட்டது” என்று சொன்னால், “உன் ஸ்கேலை யார் எடுத்தார்கள்?” என்றுதான் பதில் வரும்.) டிடி 1:120, 12 மி.மீ. ஹெச்ஓ 1:87, 16.5 மி.மீ. பழைய ஓ ஸ்கேலில் பாதி என்பதால் அந்தப் பெயர். பிரிட்டனின் ஓஓ 1:76, அதற்கும் அதே 16.5 மி.மீ. தண்டவாளம்தான். ஓ ஸ்கேலுக்குத் தண்டவாளம் 32 மி.மீ., விகிதம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 1:48, ஜெர்மனியில் 1:45, பிரிட்டனில் 1:43.5. கடைசியாக ஜி, 45 மி.மீ. தண்டவாளம், 1968-ல் எல்ஜிபி என்ற ஜெர்மன் நிறுவனம் 1:22.5 விகிதத்தில் தோட்டத்தில் ஓட்டுவதற்காகவே தொடங்கியது. இவற்றுக்கு நடுவில் இன்னும் பல உண்டு. முதல் நாளே அவையெல்லாம் வேண்டாம்.

எல்லா ஸ்கேலிலும் ஒரு பொய் உண்டு

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் மனசு உடையாது. அச்சு அசலான ஸ்கேல் என்று தேடிப் போனால் கால்தான் வலிக்கும்.

ஓஓ-வை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிட அகலத்திலும் உயரத்திலும் சிறியவை. அன்றைய மோட்டார்களோ பருமன். 1:87-ல் செய்த பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் அந்த மோட்டார் நுழையவில்லை. அதனால் உடலை 1:76 ஆக்கினார்கள், தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-ல் ஹார்ன்பி டப்ளோ என்ற ஓஓ ரயில் வரிசை வந்த பிறகு அந்த நாட்டில் அதுவே நிலைத்துவிட்டது. ஓஓ-வின் துல்லியமான விகிதம் 1:76.2; அதில் ஸ்டாண்டர்ட் கேஜ் (பிரிட்டன் உள்பட உலகில் பரவலாக உள்ள நாலடி எட்டரை அங்குலப் பாதை) 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும். ஆக ஓஓ ரயில்கள் எல்லாம் நிஜத்தில் நாலடி ஒன்றரை அங்குலப் பாதையில் ஓடுகிற மாதிரிதான். முன்னாலிருந்து பார்த்தால் தோள் அகன்று கால் ஒடுங்கிய ஆள் போலத் தெரியும். இது பொறுக்காதவர்கள் 18.83-ஐயே தங்கள் கையால் போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க ஓ-வில் பொய் எதிர்த்திசையில்: 1:48-க்கு அந்த 32 மி.மீ. தண்டவாளம் நிஜத்தில் ஐந்தடி, அதாவது மூன்றரை அங்குலம் கூடுதல். ஜப்பானில் சாதாரணப் பாதை 1067 மி.மீ.; ஆனால் அங்கே ‘என்’ ரயில்களை 1:150 ஆக்கி 9 மி.மீ. தண்டவாளத்திலேயே ஓடவிடுகிறார்கள். ஸ்டாண்டர்ட் கேஜில் ஓடும் ஷின்கான்சென் புல்லட் ரயில்களுக்கு மட்டும் 1:160, அதில் கணக்கு பிசகாது. ஜெர்மன் ஹெச்ஓ பயணிகள் பெட்டிகளிலும் கொஞ்சம் பாருங்கள். குறுகிய வளைவில் திரும்பவேண்டும் என்பதற்காக அகலமும் உயரமும் 1:87-ல் இருக்க, நீளத்தை மட்டும் 1:100-க்கோ 1:93.5-க்கோ குறைத்துச் செய்தவை நிறைய உண்டு.

நம் ஊர் விஷயம் இதைவிட விசேஷம். இந்தியாவின் அகலப்பாதை 1676 மி.மீ., இலங்கையிலும் அதேதான். ஹெச்ஓ-வில் அது 19.3 மி.மீ. ஆகவேண்டும், கடையில் கிடைப்பது 16.5. கிட்டத்தட்ட 3 மி.மீ. பற்றாக்குறை. ஸ்பெயினின் பாதையும் நம்முடையதுபோல அகலம்தான். அங்கேயும் பெரும்பாலானோர் 16.5-லேயே ஓட்டுகிறார்கள். ஒரு வேடிக்கைக் கணக்கும் உண்டு. 1676-ஐ 16.5-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 100 வருகிறது. அதாவது 1:100-ல் நம் ரயிலைச் செய்தால் சாதாரண ஹெச்ஓ தண்டவாளமே அசல் அகலப்பாதையாகிவிடும்! ஆனால் அந்த விகிதத்தில் கடைச்சரக்கு கிடைக்காது, இன்ஜின் முதல் பிளாட்பார பெஞ்சு வரை நீங்களே செய்யவேண்டும். 3டி பிரிண்டரும் பொறுமையும் இருப்பவர்களுக்கு நல்ல வழி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆகவே ஸ்கேல் தேர்வு என்பது, எந்தப் பொய் உங்கள் கண்ணை உறுத்தாது என்று கண்டுபிடிப்பதுதான். அதற்கான படிகள் இனி.

படி 1: எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?

பட்டியல் போடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு காட்சியை நினையுங்கள். லெவல் கிராசிங்கில் நிற்கிறீர்கள், இருபது பெட்டி எக்ஸ்பிரஸ் கடந்து போகிறது, அந்த நீளம்தான் சுகம் என்றால் உங்களுக்கு ‘என்’ அல்லது இசட். கிராமத்து ஸ்டேஷனில் ஒரு இன்ஜின் இரண்டு சரக்கு வேகன்களைத் தள்ளிக்கொண்டு முன்னும் பின்னும் போவதைப் பார்க்கத்தான் பிரியம் என்றால் ஹெச்ஓ-வோ ஓ-வோ போதும், இடமும் அதிகம் தேவைப்படாது. இன்ஜினின் ஆணியும் குழாயும் நீராவித் துருவும் தெரியவேண்டும் என்றால் ஓ-வுக்குக் கீழே போகாதீர்கள். பேரப்பிள்ளை கையில் எடுத்து வைத்துக் கவிழ்த்து மறுபடியும் ஓட்டவேண்டும் என்றால் ஜி.

மலைரயில் பிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதை மீட்டர் கேஜ். ஜி ஸ்கேலில் 1000 மி.மீ. சுமார் 44.4 ஆகும், தண்டவாளம் 45. ஹெச்ஓ-வில் 11.5, அதற்கென்றே 12 மி.மீ. தண்டவாளத்தில் ஹெச்ஓஎம் என்ற பிரிவு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளுக்காக வளர்ந்த பிரிவு அது. பல்சக்கரத் தண்டவாளம்கூடக் கிடைக்கும். ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் வகை இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவைதானே, உறவு விட்டுப்போகவில்லை. பொய் மிகக் குறைவாக உள்ள தேர்வு வேண்டுமென்றால் நம்மவர்களுக்கு மீட்டர் கேஜ்தான். மலேசியாவின் கேடிஎம் (அந்நாட்டு ரயில்வே) பாதையும் மீட்டர் கேஜ் என்பதால் அங்குள்ளவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

படி 2: சாக்பீஸும் கயிறும்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பிறகு அழுகிறவர்களும் அவர்கள்தான். காகிதத்தில் வரைவதோ கணினியில் வரைவதோ பிறகு இருக்கட்டும். மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு கயிறு, ஒரு சாக்பீஸ், ஒரு இன்ச் டேப்.

அளவைவிட வளைவுதான் ஸ்கேலைத் தீர்மானிக்கிறது. அனுபவசாலிகள் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு: உங்கள் மிக நீளமான பெட்டியின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் ஆரம் அதில் இரண்டு மடங்கு என்றால் ஓடினாலும் ஓடும், தடம் புரண்டாலும் புரளும். இரண்டரை மடங்கில் ஒழுங்காக ஓடும். மூன்று மடங்கில்தான் பார்க்கச் சகிக்கும். அதற்குக் குறைந்தால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே துருத்திக்கொண்டு, இரண்டு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்துப் பாதையில் வரும் ரயிலை உரசும்.

கடையில் கிடைக்கும் பிளைவுட் எட்டடிக்கு நாலடி. நாலடி என்றால் 122 செ.மீ. இருபுறமும் 5 செ.மீ. ஓரம் விட்டால் வட்டத்துக்குக் கிடைக்கும் ஆரம் 56 செ.மீ. ஹெச்ஓ-வில் 27 செ.மீ. எல்ஹெச்பி பெட்டிக்கு இது இரண்டு மடங்குதான், ஆபத்தான எல்லை. டிடி-யில் அதே பெட்டி 19.6 செ.மீ.; இரண்டரை மடங்கு 49 செ.மீ., நுழைந்துவிடும். ‘என்’னில் மூன்று மடங்கே 44 செ.மீ.தான், தாராளம். ஒரே பலகை, ஒரே ரயில். ஸ்கேல் மாறியதும் கதையே மாறுகிறது.

இதை மாடியில் வரைந்து பாருங்கள். நடுவில் ஒருவரைக் கயிற்றைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள், 56 செ.மீ.யில் ஒரு வட்டம், 44-ல் ஒரு வட்டம். கோலம் போடுகிற கைகள் வீட்டில் இருந்தால் வேலை சுலபம். பிறகு அந்த 30 செ.மீ. ஸ்கேலை வட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். கோட்டின் வளைவுக்கும் ஸ்கேலின் நேருக்கும் நடுவே தெரிகிற இடைவெளியைப் பார்த்தாலே நாளை உங்கள் பெட்டி எப்படித் துருத்தப்போகிறது என்று புரியும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் வாதாடுவதில்லை.

வட்டமே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். சுவரோரம் 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள ஒரு அலமாரிப் பலகையில், மூன்று பாதைகள் பிரிகிற சின்ன யார்டு ஒன்றை ஓஓ-விலோ ஹெச்ஓ-விலோ அமைத்துவிடலாம். பிரிட்டனில் இங்கிள்நுக் என்று பிரபலமான புதிர் இது. ஒரு பாதையில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன் நிற்க இடம். சீட்டு எடுத்து வருகிற வரிசைப்படி ஐந்து வேகன்களைக் கோக்கவேண்டும். பார்க்கச் சின்னதாக இருக்கும், ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, எந்த இடத்தையும் கை எட்டவேண்டும். ஒரு பக்கமிருந்து 75 செ.மீ.க்கு மேல் எட்டிப்பிடிப்பது கஷ்டம். சுவரில் ஒட்டிய நாலடிப் பலகையின் மூலையில் தடம் புரண்டால் ஸ்டேஷன்மேல் படுத்துத்தான் எடுக்கவேண்டும்.

படி 3: கண்ணும் கையும்

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டதா? அப்படியென்றால் ‘என்’ வேகன் ஒன்றைத் தண்டவாளத்தில் ஏற்றிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். நான்கு அச்சு, எட்டு சக்கரம். முன்பக்க நான்கை உட்காரவைத்தால் பின்பக்கம் நழுவும். பின்னால் சரிசெய்தால் முன்னால் ஒரு சக்கரம் விளிம்பில் ஏறி நிற்கும். அதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். வேகனை மெல்லத் தள்ளினால் கரகரவென்று ஒரு நடுக்கம் விரல்நுனிக்கு வரும். ஒரு வேகனென்றால் விளையாட்டு. இருபது என்றால்? சாய்தள ஏற்றி ஒன்று வாங்கிக்கொண்டால் பாதி வேலை குறையும் என்பது உண்மைதான்.

இன்னொரு பக்கம், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது ‘என்’ ரயிலில் இந்தக் கஷ்டம் எதுவும் தெரியாது, மலையும் ஆறும் ரயிலும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். 1.7 மீட்டர் ஆள் அங்கே 1 செ.மீ.தான். ஹெச்ஓ-வில் 2 செ.மீ., ஓ-வில் 4 செ.மீ. கிட்ட உட்கார்ந்து பார்க்கிறவரா, எட்ட நின்று பார்க்கிறவரா நீங்கள்? வேறு யாராலும் இதற்குப் பதில் சொல்லமுடியாது.

படி 4: கிடைக்குமா, கூடவே ஓடுமா

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஹெச்ஓ-வில்தான் சரக்கு அதிகம். பிரிட்டிஷ் ரயில் பிரியர் என்றால் ஓஓ. ஜப்பான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ‘என்’தான்; 1965-ல் அந்நாட்டு கேட்டோ நிறுவனம் தொடங்கிவைத்தது. டிடி நெடுநாளாகப் பழைய கிழக்கு ஜெர்மனிப் பக்கம் வேரூன்றி இருந்தது, 2022-ல் ஹார்ன்பியும் 1:120-ல் இறங்கியது. இந்திய இன்ஜின்களும் பெட்டிகளும் சிறு தயாரிப்பாளர்களிடமிருந்து குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் ஹெச்ஓ-வில்தான் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் தபால் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள், பில் தொகையைப் பார்த்து ஏமாறவேண்டாம். ‘சின்னது மலிவு’ என்பதும் தப்புக்கணக்கு. ‘என்’ இன்ஜின் உள்ளங்கையில் அடங்கும், விலை அடங்காது. இடம் மிச்சமாவதால் இன்னும் நாலு வாங்கச் சொல்லும்.

இனி என் கதை. தொடங்கிய புதிதில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் ஒரு இன்ஜினும் நான்கு பெட்டிகளும் வாங்கினேன். ஹெச்ஓ என்று எழுதியிருந்தது, என் தண்டவாளமும் ஹெச்ஓ, அளவும் பொருந்தியது. இன்ஜினை வைத்து ரெகுலேட்டரைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் நின்றது. பல நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த இன்ஜின் மூன்று தண்டவாள மின்முறைக்கானது. அந்த முறையில் இரண்டு தண்டவாளங்களும் ஒரே துருவம், மின்சாரம் நடுவில் உள்ள புள்ளிகள் வழியாக வரும். அதனால் சக்கரங்களுக்கு இடையே காப்பு தேவையில்லை. அதைக் கொண்டுவந்து என் இரட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு இரும்புக் கம்பியால் இணைத்த மாதிரிதான். விற்றவர் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. அந்த இன்ஜின் இப்போது ஷோகேஸில் இருக்கிறது.

ஆக ஸ்கேல் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: தண்டவாளம் எத்தனை மி.மீ.? மின்முறை இரண்டு தண்டவாளமா மூன்றா? பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் எந்த வகை? டிஜிட்டல் கட்டுப்பாடு பின்னால் வேண்டுமென்றால் டீகோடர் (கட்டளையை வாங்கி இன்ஜினை இயக்கும் சின்ன மின்பலகை) பொருத்த உள்ளே சாக்கெட் இருக்கிறதா என்று நான்காவதாகவும் கேட்கலாம்.

படி 5: தூசி, உப்பு, வெயில்

சின்ன ஸ்கேலில் இன்ஜின் எடை குறைவு, தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்காது, கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் மின்சாரம் விட்டுவிட்டு வரும். கடற்கரை ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இசட் ஓட்டுவேன் என்றால், ஓட்டுகிற நேரத்துக்குச் சமமாகத் துடைக்கிற நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், உப்புத்தாள் மட்டும் வேண்டாம். கீறலில்தான் அழுக்கு இன்னும் சேரும்.

மொட்டை மாடியில் ஜி ஓட்டும் ஆசை இருந்தால் வெயில் கணக்கு முக்கியம். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் மத்தியானத்தில் பாதை பாம்பாக நெளியும்.

படி 6: ஒரு மாத ஒத்திகை

இரண்டு ஸ்கேல்கள் மனதில் நிற்கும். ஒன்றைத் தேர்ந்து, அதில் ஒரு வேகனும் ஒரு மீட்டர் தண்டவாளமும் மட்டும் வாங்குங்கள். இன்ஜின் வேண்டாம். டிவி பக்கத்திலோ படிக்கும் மேஜையிலோ வைத்து, போகிற வருகிற நேரத்தில் கையால் தள்ளுங்கள். நீங்கள் ஆசைப்படும் பெட்டியின் நீளத்துக்கு அட்டையில் வெட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் கழித்தும் கை தானாக அதன்பக்கம் போனால் இன்ஜின் வாங்கலாம். தூசி படிந்து கிடந்தால் மற்ற ஸ்கேலுக்கு ஒரு மாதம் கொடுங்கள். நஷ்டம் ஒரு வேகன்தான்.

இப்படி ‘என்’னும் ஹெச்ஓ-வும் என் மேஜையில் மாறிமாறி இருந்த பிறகு நான் போய்ச் சேர்ந்த இடம் ஹெச்ஓஎம். 12 மி.மீ. தண்டவாளம், அரை மி.மீ. பொய். இருபது பெட்டி ஆசையை விட்டுவிட்டேன். மூன்று பெட்டி, கீழிருந்து தள்ளும் ஒரு இன்ஜின். நீலகிரியில் செங்குத்தான பகுதி 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. என் புத்தக அலமாரிக்கு மேலே 80 செ.மீ. நீளத்துக்குப் பல்தண்டவாளம் போட்டிருக்கிறேன், ஏற்றம் ஆறரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். குன்னூர் இன்னும் அட்டைதான்.